கோல் இல்லை என்று ஆடிய கை

தோமையார்துறை வண்டியில் அன்றைக்கு வில்பிரட்டுக்குத்தான் கண்டக்டர் டியூட்டி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புகிற டிரிப். நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டில் படிக்கட்டில் நின்று ஊர்ப் பெயர்களைக் கூவும்போது, வருஷக்கணக்காகக் கூவிக் கூவி வாய்க்குள் தேய்ந்துபோயிருந்த அந்தப் பெயர் இன்றைக்கு மீன்முள் மாதிரி குறுக்கே நின்றது. கோணம், எறும்புக்காடு, ராஜாக்கமங்கலம் வரைக்கும் சத்தமாகச் சொன்னார். கடைசிப் பெயரைச் சொல்லாமல் தோள் பையைச் சரிசெய்துகொண்டார். சொல்லாவிட்டாலும் ஏறுகிறவர்கள் ஏறினார்கள், போர்டில்தான் எழுதியிருக்கிறதே. நேற்றுச் சாயங்காலம் அந்த ஊர் மைதானத்தில், கோயில் திருநாள் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் அவர்தான் ரெஃப்ரி. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் தோமையார்துறைப் பையன் ஆன்றோ தலையால் அடித்த பந்து கோலுக்குள் போனது. போகவில்லை என்று வில்பிரட் கையை ஆட்டினார். அந்த ஒரு கோல் வித்தியாசத்தில் ஊர் தோற்றது. மேலக்கரைக்காரர்கள் கோப்பையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கொட்டடித்தபடி போனார்கள். போச்சு, போகல என்ற கத்தல் அப்போது வெறும் கத்தலாகத்தான் இருந்தது. எல்லா ஆட்டத்திலும் உள்ள கத்தல். அவர் வீட்டுக்கு வந்து குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது மகள் ஜெனிட்டா போனை நீட்டினாள். "அப்பா, இது நீங்கதானே?"

அவர்தான். கோலுக்குப் பின்னால், கொஞ்சம் ஓரமாக நின்று யாரோ எடுத்தது. பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடுகிற வீடியோ. முதலில் வேகமாக ஓடும், பிறகு அதையே மெதுவாக ஓட்டி, ஒரு போஸ்டிலிருந்து மறு போஸ்டுக்குச் சிவப்பாக ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடக்கிற பந்தைச் சுற்றி மஞ்சளில் ஒரு வட்டம். பந்து தரையில் பட்டு எழும்புவதற்குள் கீப்பரின் இரண்டு கைகள் அதை முன்னால் இழுத்துப் போடுகின்றன. மூலையில், தூரத்தில், கறுப்புச் சட்டை போட்ட ஒரு மனுஷன், வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறது, கையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான். ஈ விரட்டுகிற மாதிரி. தான் கை ஆட்டும்போது அப்படியா இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. மைதானத்துக்குள் இருக்கும்போது அந்தக் கை நீளமானது, உறுதியானது, இருபத்திரண்டு பேரும் ஊரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். போனுக்குள் அது ஒரு பிராந்து பிடித்தவன் கை. ரெஜினா எட்டிப் பார்த்தாள். அவர் மனைவிக்குப் பந்து விளையாட்டில் ஒன்றும் தெரியாது, ஆனால் சிவப்புக் கோடு யாருக்கும் தெரியும். "உள்ளதானே கெடக்கு?" என்றாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை, சோற்றில் கல் கிடக்கிறது என்பது மாதிரிச் சொன்னாள்.

வண்டி செட்டிகுளம் தாண்டியதும் டிரைவர் சிதம்பரதாணு கண்ணாடியில் அவரைப் பார்த்தார். ரெண்டு பேரும் ஒரே வண்டியில் பல வருஷம். "லீவு சொல்லியிருக்கலாம்லா வேய்?" என்றார், ஹாரன் சத்தத்துக்குள் ஒளித்து. சொல்லியிருக்கலாம். காலையில் போனைக் கையில் எடுத்து, டிப்போ நம்பரை எடுத்து, காய்ச்சல் என்று சொல்லக் குரலைக்கூட ஒரு தடவை தாழ்த்திப் பார்த்துவிட்டார். ஆனால் இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்கும் காய்ச்சல் வேண்டும். அடுத்த வாரமும் வேண்டும். ஒளிஞ்சிட்டான்னு சொல்லுவானுவ. காசு வாங்கிட்டான்னு இப்பவே சொல்லுகானுவ, ஒளிஞ்சா அது நிஜம்னு ஆயிரும். "காய்ச்சலா இருந்தா சொல்லியிருப்பேன்" என்று சிதம்பரதாணுவிடம் சொன்னார். அவர் சிரிக்காமல் கியரை மாற்றினார். நல்ல மனுஷன். விசில் ஒன்று கேட்டால் நிறுத்துவார், ரெண்டு கேட்டால் எடுப்பார், பின்னால் திரும்பிப் பார்த்துச் சரிதானா என்று கேட்டதே இல்லை. படியில் ஆள் ஏறியாச்சா, பிள்ளையின் கை உள்ளே வந்தாச்சா, எல்லாம் வில்பிரட்டின் கண். அந்தக் கண்தானே நேற்றும். அதே கண்தானே. ஜன்னல் வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே போகிற லாரியின் நம்பரைப் படித்துப் பார்த்தார். படிக்க முடிந்தது. மறு கண்ணை மூடினார். ஒரு தையல் கடை போர்டு, கீழே சின்ன எழுத்தில் போன் நம்பர், அதுவும் தெரிந்தது. தெரிந்ததில் சந்தோஷம் வரவில்லை. கண் கெட்டுப்போயிருந்தால் ஒரு காரணமாவது இருந்திருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, எனக்குப் பார்வை மங்கிப்போச்சு மன்னிச்சிருங்கப்பா என்று சொல்லிவிட்டு விசிலை வைத்துவிடலாம். நல்ல கண்ணை வைத்துக்கொண்டு பார்க்கவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்.

கோணத்தில் கூட்டம் ஏறியது. ஒருத்தருக்கொருத்தர் தெரிந்த கடற்கரைச் சனம், ரேஷன் பை, மருந்துப் பை, பிளாஸ்டிக் குடம். ஜன்னல் ஓரம் ஒரு இளவட்டம், பக்கத்தில் அவன் மாமனோ சித்தப்பனோ, ரெண்டு தலையும் ஒரு போனுக்குள். அந்தச் சத்தம் வில்பிரட்டுக்கு இப்போது எங்கே கேட்டாலும் தெரியும்: முதலில் காற்று, பிறகு ஒரு பெண்பிள்ளையின் கூவல், பிறகு ஊரே ஒரு வாயாக "கோ" என்று தொடங்கி, "ல்" என்று முடிக்கமுடியாமல் அறுந்து நிற்கிற சத்தம். அந்த அறுந்த இடத்தில்தான் அவர் கை ஆடுகிறது. "டிக்கெட்" என்றார். பெரியவர் காசை நீட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "இதப் பாத்தியளா சார்? கண்ணு முன்னாடி கோலு. இல்லங்கான். இவனுவளக் கட்டுமரத்துல கெட்டி நடுக்கடல்ல விடணும்" என்றார். வில்பிரட் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மீதிச் சில்லறை எண்ணும்போது ஒரு நாணயம் கீழே விழுந்து சீட்டுக்கடியில் உருண்டது. குனிந்து தேடினார். தேடுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். சீட்டுக்கடியில் இருட்டும் செருப்புகளும் மீன் வாசமும் இருந்தன, யாரும் அவரைப் பார்க்கவில்லை, அங்கேயே கொஞ்சம் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. எழுந்தபோது இளவட்டம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனைப் பார்த்தான். மறுபடியும் அவரைப் பார்த்தான். காக்கிச் சட்டை அவனைக் குழப்பியிருக்க வேண்டும். அவர் முன்னால் நகர்ந்துவிட்டார். முதுகில் அந்தப் பார்வை ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

வெளிநாட்டு ஆட்டங்களில் இப்படியெல்லாம் இல்லை. டிவியில் பார்க்கிறோமே. ரெஃப்ரி காதில் கையை வைப்பார், எங்கேயோ ஒரு அறைக்குள் திரைகளுக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுவார்கள், அவர் ஓரத்துக்கு ஓடிப்போய் ஒரு சின்ன டிவியைக் குனிந்து பார்ப்பார். திரும்பி வரும்போது ரெண்டு கை விரலாலும் காற்றில் ஒரு கட்டம் வரைந்து, தான் சொன்னதைத் தானே மாற்றிச் சொல்லுவார். யாரும் அவரைக் கடலில் கட்டிவிடுவதில்லை. அந்தக் கட்டத்தை வில்பிரட்டுக்கு முன்பெல்லாம் பிடிக்காது. கோல் அடித்தவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடுவான், பிறகு பாதியில் நின்று பெரிய திரையையே பார்த்துக்கொண்டு நிற்பான், ரயில்வே கேட் போட்ட மாதிரி அவன் சந்தோஷம் நடுவழியில் நிற்கும். அது ஆட்டமா என்று ஜெனிட்டாவிடம் சண்டை போட்டிருக்கிறார். போன வருஷம் ரெஃப்ரிகளுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள், கொச்சியிலிருந்து வந்த ஒருத்தர் புரொஜெக்டரில் அதையெல்லாம் போட்டுக் காட்டினார். ஒரு கோணத்தில் உள்ளே, இன்னொரு கோணத்தில் வெளியே, அதே பந்து. கேமராவும் நிக்கிற இடத்திலேந்துதான் பாக்கும் என்றார். பிறகு, நம்ம ஆட்டங்களுக்கு இதெல்லாம் எப்ப வரும் சார் என்று யாரோ கேட்க, நமக்கு ரெண்டு கண்ணு, ரெண்டு லைன்ஸ்மேன், மேலே கர்த்தர் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வில்பிரட்டும் சிரித்தார். நேற்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கையில் அவரை அறியாமல் விரல் ரெண்டும் எழும்பிக் காற்றில் அந்தக் கட்டத்தை வரைந்தன. ரெஜினா ரசம் ஊற்றப்போனவள் நிறுத்தி, "என்னது, அப்பளமா?" என்றாள்.

நிக்கிற இடம். அதுதான். நின்ற இடம் சரிதான், அதில் அவர் உறுதி. பெனால்டி பெட்டிக்கு வெளியே, பந்து வருகிற திசைக்குக் குறுக்காக, எப்போதும் நிற்கிற இடம். லைன்ஸ்மேன் ராபின் கோட்டுக்கு நேராக நின்றிருக்க வேண்டும், ஆனால் சனம் உள்ளே தள்ளி அவன் ரெண்டடி பின்னால் போய்விட்டான், வெயிலும் அவன் முகத்தில். காலையில் போனில் அழாத குறையாகச் சொன்னான், அண்ணே எனக்குக் கண்ணு கூசிட்டு, உங்களப் பாத்தேன், நீங்க இல்லன்னு கை ஆட்டினீங்க, நானும் கொடியைத் தூக்கல. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ரெண்டு பேரும் பந்தைப் பார்க்கவில்லை. அப்படியும் சொல்ல முடியாது. அந்தக் கோடு எங்கே இருந்தது? சுண்ணாம்புப் பொடியில் போட்ட கோடு, முதல் பாதியிலேயே கால் பட்டுப் பட்டு மணலோடு கலந்துபோயிற்று, சிவப்பில் நேராகக் கோடு கிழித்தவனுக்கு அது எங்கே இருந்தது என்று யார் சொன்னது? இதைக் காலையிலிருந்து நாலைந்து தடவை நினைத்தாயிற்று. நினைக்கும்போது கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். உடனே கீப்பரின் முகம் வரும். பந்தை இழுத்துப் போட்டுவிட்டு அந்த மேலக்கரைக் கீப்பர் பந்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்க்கவில்லை, நேராக ரெஃப்ரியைப் பார்த்தான். உள்ளே போகாத பந்தைப் பிடித்த கீப்பர் அப்படிப் பார்க்க மாட்டான். அதை அப்போதே பார்த்தோமா, வீடியோவில் பார்த்தோமா? வீடியோவில் கீப்பரின் முதுகுதானே தெரிகிறது. அப்படியானால் அது என் கண் பார்த்தது. அது ஒன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம், எப்போது நினைத்தாலும், கோலுக்குப் பின்னாலிருந்து வருகிறது, தான் ஒருபோதும் நின்றிராத இடத்திலிருந்து, யாரோ ஒருத்தன் கை உயரத்திலிருந்து. தன் கண் பார்த்ததன் மேல் இன்னொருத்தன் பார்த்ததை ஒட்டிவிட்ட மாதிரி, சுவரில் பழைய போஸ்டர் மேல் புதிய போஸ்டர். நகத்தை வைத்துச் சுரண்டினால் கிழிந்துதான் வருகிறது.

எறும்புக்காட்டிலும் ராஜாக்கமங்கலத்திலும் பாதிச் சனம் இறங்கியது. கட்டுமரத்தைப் பற்றிச் சொன்ன பெரியவரும் இளவட்டமும் இறங்கவில்லை. தென்னைகளுக்கு நடுவே ரோடு வளைந்து, உப்புக் காற்று முகத்தில் பட்டது. அடிக்க மாட்டானுவ. அடிச்சாலும் யூனிஃபார்மில இருக்கேன், கேஸ் ஆயிரும், அவனுவளுக்குத் தெரியும். கல் எறிவானுவளோ. பஸ் கண்ணாடிக்குச் சிதம்பரதாணு பதில் சொல்லணும். ஆன்றோவுக்குத் தலையில் அடி வேறு. பந்தை அடித்த வேகத்தில் போஸ்டில் போய் இடித்து விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ரத்தம் காதுக்குப் பக்கம் வழிந்தது, தையல் போட்டதாகக் கேள்வி. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று யோசனை அந்தப் பக்கமும் ஒரு காலை வைத்துப் பார்த்தது, பிறகு எடுத்துக்கொண்டது. வண்டி கோயிலைச் சுற்றிக் கடைசி ஸ்டாப்பில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். இளவட்டம் இறங்கும்போது படியில் ஒரு நொடி நின்று, "நீங்கதானே?" என்றான். "ஆமா" என்றார். அவன் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அவனுக்கு வேலை இருந்திருக்கும். இறங்கிப் போனான். அந்தப் பெரியவர் கீழே நின்று திரும்பிப் பார்த்தார், நடுக்கடலில் விட வேண்டியவனிடமே மீதிச் சில்லறை வாங்கியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

டீக்கடையில் ஏழெட்டுப் பேர். "ரெஃப்ரி வந்தாச்சு" என்று ஒருத்தன் சத்தமாகவே சொன்னான். சிதம்பரதாணு டீ குடிக்கப் போனார். வழக்கமாக ரெண்டு பேரும் போவார்கள். இன்றைக்கு வில்பிரட் படியிலேயே நின்றார், உள்ளே போய் உட்கார்ந்தால் பயம் என்று தெரியும், கீழே இறங்கினால் வம்புக்கு வருகிறான் என்று ஆகும், படி ரெண்டுக்கும் நடுவில். கடைக்காரர் ஒரு கிளாஸ் டீயை டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். "எனக்குக் குடுத்தா நீ கண்டக்டருக்கும் குடுத்துதான் ஆவணும்னேன்" என்று சிதம்பரதாணு சொன்னார். அது பொய், கடைக்காரர் தானாகவே கொடுத்தது என்று வில்பிரட்டுக்குப் பட்டது, கேட்கவில்லை. டீ சூடாக இருந்தது. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

திரும்புகிற டிரிப்புக்குச் சனம் ஏறியது, கடைசியாக ஆன்றோ வந்தான். நெற்றியில் பெரிய கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவன் அம்மா ஒரு பக்கம், கயிறு கட்டிய பெரிய பெட்டி ஒரு பக்கம். கூட வந்தவர்கள் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். வண்டி எடுத்த பிறகுதான் வில்பிரட்டுக்குப் பெட்டியின் அர்த்தம் புரிந்தது. கத்தாருக்குப் போகிறான். அங்கே படகு வேலை, போனால் ரெண்டு வருஷம் ஆகும் திரும்ப. நேற்று ஆடியதுதான் ஊரில் அவன் கடைசி ஆட்டம், இது கிரவுண்டிலேயே மைக்கில் சொன்னார்கள், விசிலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த காதில் அது விழுந்தும் விழாமல் போயிருந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் வந்தார். அவன் சீட்டை விட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட முடியாது. வண்டிக்குள் பேச்சு ஒவ்வொன்றாக நின்றுபோயிற்று.

"அம்மைக்கு மகளிர் டிக்கெட்டு. எனக்கு நாகர்கோவில் ஒண்ணு" என்றான் ஆன்றோ.

டிக்கெட்டை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். அவர் நகரவில்லை.

"மக்ளே, அது கோல்தான். எனக்குத் தப்பிப்போச்சு."

தயாரித்து வைத்திருந்த வார்த்தைகள் இன்னும் நிறைய இருந்தன, சுண்ணாம்புக் கோடு, வெயில், ராபின். ஒன்றும் வரவில்லை. அவன் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அறியும் அண்ணே" என்றான் ஆன்றோ. "எல்லாவனும் போனைக் கொண்டுவந்து காட்டியாச்சு. தையல் போட்ட நர்ஸம்மாகூடக் காட்டினா." டிக்கெட்டை மடித்தான், பிரித்தான். "நான் பாக்கலண்ணே. போஸ்ட்ல இடிச்சதும் கண்ணு இருண்டுட்டு. முழிச்சா மணலும் ஆளுக காலும்தான். அந்த வீடியோவுலயும் நான் இல்ல. அது பந்து கீழ வாற இடத்திலேந்துதானே தொடங்குது. ஓரத்துல ஒரு காலு கெடக்குல்லா, அது நான்."

"ம்."

"நீங்க நேர் எதிரல்லா நின்னீங்க." தயங்கினான். "நான் எப்பிடிண்ணே அடிச்சேன்?"

வில்பிரட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நேற்றிலிருந்து இதுவரை எத்தனை தடவை அங்கே போயிருப்பார், ஒவ்வொரு தடவையும் கோட்டருகே போய்த்தான் நின்றார், அதற்கு ஒரு மூச்சு முன்னால் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தார். அங்கே யாரும் எதையும் ஒட்டியிருக்கவில்லை. அது சுத்தமாக, வெயிலோடு, அப்படியே இருந்தது.

"கார்னர் இடப்பக்கத்திலேந்து வந்துச்சு" என்றார். "காத்து பந்த வெளிய தள்ளிட்டு. எல்லாவனும் முன்னால ஓடுகான். நீ ஓடல. நீ ஒரு எட்டுப் பின்னால வச்ச. நான் நெனச்சேன், இவன் விட்டுட்டான்னு. அந்தப் பின்னால வச்ச கால்லேந்துதான் எழும்புன. உன் மேல ரெண்டு பேரு. ஒருத்தன் உன் சட்டையப் பிடிச்சிருக்கான். அவன் தல உன் நெஞ்சுக்கு நேரா இருக்கு."

"அவ்வளவு மேலயா?"

"அவ்வளவு மேல. எழும்பி, அங்ஙன நின்ன. பந்து வாறது வரைக்கும் நின்ன. பலபேரு கண்ண மூடிருவான், நீ மூடல. கழுத்த மட்டும் ஒரு வெட்டு. கீழ பாத்து அடிச்ச. எத்தனையோ வருஷமா ஊதுகேன், இப்பிடி ஒருத்தன் எழும்பி நான் கண்டதில்ல."

சிதம்பரதாணு வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பின் சீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை, "பெறவு?" என்றாள்.

பிறகு. எல்லாருக்கும் பிறகு தெரியும். சிவப்புக் கோடும் மஞ்சள் வட்டமும் வந்து நின்றன, சொல்லு சொல்லு என்றன, அவர் சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. வில்பிரட் அவற்றைத் தொடவில்லை.

"பெறவு ஒரு முதுகு வந்து மறைச்சுட்டு" என்றார். "அந்தச் சட்டையப் பிடிச்சவன் முதுகு. அதுக்குப் பெறவு பந்த நான் பாக்கல. பாக்காமத்தான் கைய ஆட்டினேன்."

ஆன்றோவின் அம்மா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி முதல் தடவையாக அவரைப் பார்த்தாள். வழியில் கிடந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவர் நிற்பதற்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.

"எழும்பி நின்னேனா?" என்றான் ஆன்றோ.

"நின்ன."

"செரி அண்ணே. அது போதும்."

அவன் தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டான், அடிபட்ட பக்கம் படாமல். வீங்காத கண்ணையும் மூடினான். தூங்குகிறான் என்று நினைத்து அம்மா சேலைத் தலைப்பால் அவன் முகத்தில் விழுந்த வெயிலை மறைத்தாள். அவன் தூங்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வில்பிரட்டுக்குத் தெரிந்தது. அவனைக் கடந்து, சத்தம் வராமல், அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.